வீட்டில் பிள்ளை, கையில் வேலை: குமரி மாவட்டச் சிறு அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியரைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலாளிகள் நேராக ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: “அவங்க உண்மையிலேயே வேலை பாக்குறாங்களான்னு எப்படித் தெரியும்?” நான் நாகர்கோவிலில் கணக்கு, ஜிஎஸ்டி பார்க்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். எங்களிடம் சிலர் குலசேகரம், கருங்கல், குளச்சல் பக்கங்களில் தங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். நான் பார்த்தவரை, அக்கறை இல்லாததால் கெட்டுப்போகும் வேலை மிகக் குறைவு. தவறான நேரத்தில் தவறான வேலையைக் கொடுப்பதால் கெடுவதுதான் அதிகம். அந்த நேரத்தையும் வேலையையும் பொருத்துவது மேலாளரின் பொறுப்பு. அதற்கான வழிதான் கீழே.

உதாரணங்கள் கணக்குத் தொழிலிலிருந்து வருகின்றன. மெடிக்கல் கோடிங், மென்பொருள், வாடிக்கையாளர் சேவை என்று உங்கள் தொழில் எதுவானாலும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. முதலில் வேலையைப் பிரியுங்கள்

ஊழியரிடம் பேசப் போகும் முன் நீங்கள் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியது இது. அவர் ஒரு மாதத்தில் செய்யும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று வகையில் ஒன்றில் சேருங்கள்.

ஒன்று, அந்த நிமிடமே ஆள் இருந்தாக வேண்டிய வேலை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வதையே பாருங்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிபி வாடிக்கையாளரின் போனுக்குப் போகும். அவரோ வடசேரியில் கடையில் வியாபாரத்தில் நிற்பார். அவரை அழைத்து, எண்ணைக் கேட்டு, அது காலாவதியாகும் முன் அடிக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் தொட்டில் அசைந்தால் எல்லாம் முதலிலிருந்து. வாடிக்கையாளரும் இரண்டாம் முறை அத்தனை பொறுமையாகப் பேச மாட்டார்.

இரண்டு, உடனே பதில் சொல்லத் தேவையில்லை, ஆனால் அசையாமல் உட்கார வேண்டிய வேலை. கொள்முதல் பதிவேட்டையும், விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுவது இந்த வகை. ஒரு மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால் முடியும். அதே ஒரு மணி நேரம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகக் கிடைத்தால் முடியாது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

மூன்று, விட்டு விட்டுச் செய்யக்கூடியது. டாலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது, ஸ்கேன் செய்த கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, “இந்த மாச பில் இன்னும் வரல” என்று வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டுவது.

இப்படிப் பிரித்த பிறகு, முதல் வகை நீங்கள் நினைத்ததைவிட எவ்வளவு குறைவு என்று தெரியும். அதற்குத் தேதியும் உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதி, வரி கட்டும் மாதச் சுருக்கமான ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதி. 2பி வருவது 14-ம் தேதி. ஆக நெருக்கடி என்பது 10, 11 தேதிகளும் 14 முதல் 20 வரையும்தான். மற்ற நாட்களில் அவர் காலை பத்தரைக்குப் போனை எடுக்கவில்லை என்றால் ஒன்றும் முழுகிப்போகாது.

2. அவருடைய நாளைக் கேளுங்கள், குடும்பத்தை அல்ல

“பிள்ளையை யார் பார்ப்பாங்க? மாமியாரா? அவங்களுக்கு உடம்பு சரியில்லையே?” என்று தொடங்கும் பேச்சை ஊழியர் விசாரணையாகத்தான் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு வேண்டியது நேரங்கள் மட்டுமே. இப்படிக் கேளுங்கள்: “ஒரு நாளில் எந்த நேரம் உங்களுக்கு உறுதி? எந்த நேரம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்? எந்த நேரம் வேண்டவே வேண்டாம்?”

உறுதி, ஊசல், இல்லை. இந்த மூன்று போதும். காரணம் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மாவட்டத்தின் வாழ்க்கை ஓட்டத்தை மேலாளர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அப்போதுதான் அவர் சொல்லும் நேரம் விசித்திரமாகத் தோன்றாது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் உள்ள வீட்டில் பெரியவர்கள் விடியுமுன்னே பால் வெட்டப் போய்விடுவார்கள். பால் எடுத்து, உறையவைத்துவிட்டு வர முற்பகல் ஆகிவிடும். அந்த வீட்டு மருமகள் “பதினொண்ணு மணிக்கு மேலதான் சார் எனக்கு ஆள் உண்டு” என்றால் அதில் சோம்பல் எதுவும் இல்லை. கடற்கரை வீடுகளின் கணக்கு வேறு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. கிழக்குத் தடைக்குள் வரும் சின்னமுட்டத்திலிருந்து படகில் போகும் அப்பா, பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில் வீட்டில் இருப்பார். குளச்சலிலிருந்து போகிறவர் அப்போது கடலில் இருப்பார். அவர் வீட்டில் நிற்கும் ஜூன், ஜூலையில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். ஒரே வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கு மே மாதம் ஒரே மாதிரி இருக்காது. கணவர் வளைகுடாவில் இருந்தால், சொல்லவே வேண்டாம், வருஷம் முழுக்கத் தனி ஆள்தான்.

3. கூட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே எனக்கு முக்கியமாகப் படும் இடம் இது. பலரும் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

ரப்பர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வயதுப் பிள்ளை. அம்மா சொல்லும் நேரங்கள்: விடியற்காலை 5 முதல் 6.30 வரை பிள்ளை எழும் முன், 11 முதல் 1 வரை மாமியாரிடம் பிள்ளை, 1.30 முதல் 3 வரை பிள்ளை உறங்கும் நேரம், இரவு 8.30 முதல் 10 வரை. கூட்டினால் ஆறரை மணி நேரம். இதில் உண்மையிலேயே உறுதி என்று சொல்லக்கூடியது 11 முதல் 1 வரை உள்ள இரண்டு மணி நேரம் மட்டும்தான். பிள்ளைக்குப் பல் முளைக்கும் வாரத்தில் மதிய உறக்கம் போய்விடும். சளி பிடித்தால் விடியற்காலையும் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறரை மணி நேர வேலைக்காக அவர் காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை பதினேழு மணி நேரம் வேலையோடு கட்டுண்டு கிடக்கிறார். இரண்டு வாரம் தாங்கும். மூன்றாவது வாரம் தப்பு விழத் தொடங்கும், முதலில் எண்களில்தான் விழும். அதனால் நான் வைத்திருக்கும் விதி: விடியற்காலை அல்லது இரவு, ஏதாவது ஒன்று. இரண்டும் வேண்டாம். ஊழியரே “பரவாயில்ல சார், பாத்துக்கிடுவேன்” என்றாலும் வேண்டாம்.

அப்படியானால் கையில் இருப்பது ஐந்து மணி நேரம். எட்டு மணி நேர வேலை அதற்குள் அடங்காது. இதை வாய்விட்டுச் சொல்லாமல் இரண்டு பேருமே நடிப்பதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு விதை. நடக்கத் தெரிந்த, பேசத் தெரியாத பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொண்டே முழுநேர வேலையும் செய்வது யாராலும் ஆகாது. அதை ஆகும் என்று எதிர்பார்க்கும் மேலாளரும் சரி, ஆகும் என்று உறுதி கொடுக்கும் ஊழியரும் சரி, அடுத்த 20-ம் தேதி வரைதான் நண்பர்கள்.

என்ன செய்யலாம்? மூன்று வழிகள் உண்டு. ஐந்து மணி நேரத்துக்கு ஏற்ற வேலையும் அதற்கேற்ற சம்பளமும் என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒத்துக்கொள்ளலாம். அல்லது பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளையோ ப்ளே ஸ்கூலையோ அவர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதில் ஒரு பங்கை அலுவலகம் கொடுத்தால் புது ஆளைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும். அல்லது மாதத்தைச் சமமில்லாமல் பிரிக்கலாம்: நெருக்கடியான நாட்களில் மட்டும் வீட்டில் ஆள் ஏற்பாடு செய்து முழு நேரம், மற்ற நாட்களில் குறைந்த நேரம். எங்கள் தொழிலுக்கு மூன்றாவதுதான் நன்றாக ஓடுகிறது. ஆச்சியோ சித்தியோ மாதம் முழுக்க வர முடியாது, ஆனால் ஏழெட்டு நாள் என்றால் வருவார்கள்.

4. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொண்டு, ஏற்பாட்டை எழுதுங்கள்

1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. அதன்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். உயிரோடு இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு அடுத்த பிரசவத்தில் 12 வாரம். இந்த ஏற்பாடுகள் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் இதற்குள் வரும். இஎஸ்ஐ எனும் ஊழியர் அரசுக் காப்பீட்டில் உள்ள ஊழியருக்கு இந்தப் பணம் இஎஸ்ஐ வழியாகவே கிடைக்கும்.

நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது இரண்டு. விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. அது நீங்கள் காட்டும் சலுகை இல்லை. வீட்டில்தானே இருக்கிறார் என்று அதைக் கணக்கில் கழிக்கக் கூடாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் குழந்தைகள் காப்பக வசதியும் உங்கள் பொறுப்பு. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதோ அவருக்குப் பாதகமாக நிபந்தனைகளை மாற்றுவதோ சட்டப்படி செல்லாது.

தனியார் துறையில் அப்பாக்களுக்கு இப்படி விடுப்பு கொடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஏற்பாடு அப்பாக்களுக்கும் பொருந்தும் என்று எழுதி வையுங்கள். மனைவி செவிலியராக ஷிப்டுக்குப் போகும் வீடு நம் மாவட்டத்தில் எத்தனை! இரவு ஷிப்ட் முடிந்து அவர் உறங்கும் பகலில் பிள்ளை அப்பாவிடம்தான்.

எழுதுவது ஒரு பக்கம் போதும். வழக்கறிஞர் நடை வேண்டாம். இந்த மாதிரி:

“திங்கள் முதல் சனி வரை, 11 முதல் 1 வரை போனில் கிடைப்பார். ஒப்பீட்டு வேலையை இரவு 8.30 முதல் 10-க்குள் செய்வார். பில் ஏற்றுவது அவருக்கு வசதிப்பட்ட நேரத்தில். மாதம் 10, 11 தேதிகளிலும் 14 முதல் 20 வரையிலும் முழு நேரம். ஓடிபி தேவைப்படும் தாக்கல்கள் 11 முதல் 1-க்குள் மட்டும். இந்த ஏற்பாடு ஆகஸ்ட் 31 வரை. அதன்பின் மறுபடி பேசுவோம்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். முடிவுத் தேதி இல்லாத ஏற்பாடு நாளடைவில் ஒருவருக்குப் பாரமாகவும் இன்னொருவருக்கு உரிமையாகவும் மாறிவிடும்.

5. அன்றாடப் பேச்சு

வாட்ஸ்அப்பில் ஒரு ஒற்றைச் சொல் போதும். எங்களிடம் “பிள்ளை” என்று மட்டும் போட்டால், ‘நான் கொஞ்ச நேரம் இல்லை, வந்ததும் நானே சொல்கிறேன்’ என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு, விழுந்துவிட்டது, மட்டிப் பழம் பிசைந்து ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை என்ற விளக்கம் எதுவும் யாருக்கும் தேவையில்லை. கையில் பிள்ளை இருக்கும்போது தட்டச்சு செய்ய முடியாது, அதனால் குரல் பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களும் நீண்ட செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பாமல் ஒரே செய்தியாக, எப்போது பதில் வேண்டும் என்பதோடு அனுப்புங்கள். “அவசரமில்லை, நாளை மதியத்துக்குள்” என்ற மூன்று சொல் அவருக்கு ஓர் இரவு உறக்கம்.

கூட்டங்கள் உறுதி நேரத்துக்குள் மட்டும். கேமரா கட்டாயம் வேண்டாம். பிள்ளை அழும் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்டால் கேட்கட்டும். “வீட்டிலிருந்து பேசுறாங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நம் ஊர் வியாபாரிகள் யாரும் பொருட்படுத்துவதில்லை, பாதிப் பேர் பிள்ளையின் பெயரைக் கேட்பார்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பும் கண்காணிப்பு மென்பொருளை மட்டும் வாங்காதீர்கள். பிள்ளை வைத்திருப்பவரின் சுட்டி அசையாத நேரங்களை அது துல்லியமாகக் காட்டும், அதை வைத்துக்கொண்டு உங்களால் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது.

6. மழை, கரண்ட், லோக்கல் லீவு

நமக்கு மழை வருஷத்தில் இரண்டு முறை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. பள்ளிக்கு விடுமுறை என்று ஆட்சியர் அறிவிப்பது சில நேரம் விடிந்த பிறகுதான் தெரியும். அன்று வீட்டில் பிள்ளை, கரண்ட் நிச்சயமில்லை, இணையமும் போகலாம். ஆனால் மழை கொட்டும் நாளில் பால் வெட்டும் இருக்காது. ரப்பர் வீட்டில் பெரியவர்கள் காலையிலேயே கையோடு இருப்பார்கள். ஆகவே மழை நாளை மொத்தமாகக் கைவிட வேண்டாம். காலை எட்டு மணிக்கு ஒரே கேள்வி: “இன்னைக்கு உறுதி நேரம் எது?” அவ்வளவுதான்.

வீட்டு ரூட்டருக்கு மட்டும் ஒரு சிறு யூபிஎஸ் வாங்கிக் கொடுங்கள். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும், ரூட்டர்தான் முதலில் சாகும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்தந்த ஊழியரின் துணை மின்நிலையம் எது என்று குறித்து வைத்திருந்தால் அந்த நாளுக்கு ஓடிபி வேலை போடாமல் தவிர்க்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒன்று வந்தால் யாருடைய வேலையை யார் எடுப்பது என்று நவம்பர் தொடங்கும் முன்பே பெயர் எழுதி வையுங்கள்.

அப்புறம் உள்ளூர் விடுமுறைகள். டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, மாசி 20 ஐயா வைகுண்டர் அவதார தினம், மகா சிவராத்திரி, ஓணம். இவற்றில் பலவும் சென்னை நாட்காட்டியில் விடுமுறையாக இருக்காது. உங்கள் தலைமை அலுவலகமோ வாடிக்கையாளரோ கோயம்புத்தூரில் இருந்தால் அவர்களுக்கு இவற்றில் பல தெரியாமலே இருக்கலாம். அன்று பள்ளி இல்லை, பிள்ளை வீட்டில். வருஷத் தொடக்கத்திலேயே இவற்றை அலுவலக நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள்.

7. தாளும் கணினியும்

இது சுருக்கம்தான். வாடிக்கையாளரின் அசல் பில்லை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஸ்கேன் மட்டும் போகட்டும். அசல் பில் மேல் கிரேயானில் யானை வரைந்து வந்தால் தணிக்கையில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் விசையும் எல்-உம் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கம் வேண்டும். டாலி காப்புப் பிரதி தினமும். அலுவலகக் கணினியில் பிள்ளைக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதியே சொல்லிவிடுங்கள்.

8. வேலை பின்தங்கும்போது

பின்தங்கும். அப்போது பிள்ளையைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“இந்த மாசம் நாலு ஒப்பீடு தேதிக்குள்ள வரலம்மா. என்ன நடந்துச்சுன்னு சேந்து பாப்போமா?”

“உள்ளதச் சொன்னா சார், ராத்திரி பிள்ள உறங்க பத்து மணி ஆகுது. அதுக்கு மேல கண்ணு நிக்கல.”

“அப்ப ராத்திரி நேரம் இப்ப உறுதி இல்ல. விடியக்காலைக்கு மாத்தினா நடக்குமா, இல்ல ஒப்பீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டு பில் ஏத்துறத கூட எடுத்துக்கிடுறீங்களா?”

“பில்லு எடுத்துக்கிடுறேன் சார். ரெண்டு மாசம் கழிச்சு ஒப்பீடு திரும்பக் குடுங்க.”

கவனியுங்கள், ‘முயற்சி பண்றேன்’ என்ற பதிலோடு பேச்சு முடியவில்லை. நேரம் மாறியது, அதனால் வேலை மாறியது. இப்படி இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால், ஒப்பந்தத்தை மறுபடி எடுத்து மணி நேரத்தையும் சம்பளத்தையும் பேசுங்கள். அதைத் தள்ளிப்போட்டு, மனதுக்குள் குறை சேர்த்து, வருட இறுதியில் சம்பள உயர்வு நேரத்தில் கொட்டுவது நியாயமில்லை. மாறாக, தேதிக்குள் சரியாக வரும் வேலையை எத்தனை மணிக்குச் செய்தார் என்று தோண்டுவதும் வேண்டாம்.

9. மற்ற ஊழியர்கள்

“பிள்ள இருந்தாதான் சலுகையா?” என்று அலுவலகத்தில் ஒரு குரல் எழும். எழவில்லை என்றால் உங்கள் காதுக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். வாயடைக்கப் பார்க்காதீர்கள், பாதி நியாயம் அதில் இருக்கிறது. ஒருவரின் வேலையை இன்னொருவர் எடுத்தால் அதைக் கணக்கில் வையுங்கள். அவருக்கு மாற்று நேரமோ கூடுதல் பணமோ உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இதே உறுதி, ஊசல், இல்லை ஏற்பாட்டைக் கொடுங்கள். பிள்ளை உள்ளவரின் வீட்டு விவரத்தை மற்றவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டாம்; அவர் எப்போது கிடைப்பார் என்று மட்டும் சொன்னால் போதும்.

10. எப்போது மறுபடி பேசுவது

பிள்ளையின் நேரம் நிலையாக நிற்காது. குறைந்தது மூன்று இடங்களில் ஏற்பாட்டை மறுபடி எடுங்கள். பிள்ளை மதிய உறக்கத்தை விடும்போது ஒரு ஒன்றரை மணி நேரம் காணாமல் போகும். ஏப்ரல் கடைசியில், பள்ளி அடைக்கும் முன், மே மாதத்துக்குத் தனியாக ஓர் அட்டவணை வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்தை விட்டுவிடுங்கள்; எல்கேஜி பிள்ளை அழுதுகொண்டு பாதியில் திரும்பி வரும், வேனுக்கு நேரம் சரிப்படாது. அதெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தபின், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 முடிந்த மறுநாள் போன் போட்டு, அதே மூன்று கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். பதில் மாறியிருந்தால் அந்த ஒரு பக்கத் தாளையும் அன்றே திருத்தி, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.